எழுபத்தேழு டிகிரித் தேன்

போன ஆனி மாதம், நிச்சயதார்த்தம் முடிந்த மறுவாரம், சிங்கப்பூரிலிருந்து அண்ணன் மகன் கடைக்குப் போன் செய்தான். சாயங்காலம் ஆறு மணி. வேலூர் லாங் பஜாரில் அந்த நேரத்துக்கு யார் பேசினாலும் பாதிதான் காதில் விழும். ஆட்டோ ஹாரன் ஒரு பக்கம், தள்ளுவண்டிக்காரர் குரல் ஒரு பக்கம், எதிர்க்கடையில் மூட்டை இறக்குகிற சத்தம் வேறு. "சித்தப்பா, நல்ல மலைத்தேன் அஞ்சு கிலோ வேணும், கலப்படம் இருக்கக் கூடாது" என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. தாம்பூலப் பையில் தேன் பாட்டில் போடப் போகிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, "சரி கண்ணு" என்று வைத்துவிட்டேன்.

ராத்திரி கடை எடுத்துவைத்த பிறகு மறுபடி பேசினான். தை மாதம் முகூர்த்தம் வேலூரில். அதற்கு அடுத்த வாரம் சிங்கப்பூரில் அவன் வீட்டில் ஒரு சின்ன விருந்து. இங்கே வர முடியாத நண்பர்கள், அங்கே இருக்கிற நெருங்கிய சொந்தம், எல்லாம் சேர்த்து இருபது பேர். அந்த இருபது பேருக்கும் குடிக்கக் கொடுப்பதைத் தன் கையாலேயே செய்ய வேண்டும் என்பது அவன் ஆசை. அரிசியில் ஒரு பீர். தேனில் ஒரு மது. மேல்நாட்டில் அதற்கு மீட் என்று பெயர்.

"இன்னாடா இது, சாராயம் காய்ச்சப் போறியா?" என்றுதான் என் வாயில் முதலில் வந்தது.

"காய்ச்சுறது இல்ல சித்தப்பா. புளிக்க வைக்கிறது."

அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அவன் சொன்ன அந்த வித்தியாசம் எனக்குத் தெரியாதது இல்லை. ஆனால் என் வாயில் அது வரவில்லையே என்பதுதான் உறுத்தியது. கள்ளை இறக்குகிறோம். சாராயத்தைக் காய்ச்சுகிறோம். தானியத்தையோ தேனையோ வீட்டுச் சாடியில் ஊறவைத்து மதுவாக்குவதற்கு எங்கள் பக்கத்துப் பேச்சில் ஒரு சொல் இல்லை. அதைச் செய்கிறவர்கள் இல்லாமல் போனதால் சொல்லும் போய்விட்டது.

நான் ஊரிசு கல்லூரியில் தமிழ் படித்துவிட்டு மளிகைக் கடையில் உட்கார்ந்தவன். பத்துப்பாட்டை அலமாரியிலிருந்து எடுத்துத் தூசி தட்டினேன். பழைய சொல் அங்கே இருந்தது: அடுதல். சோறு அடுவதும் அடுதல், கள் அடுவதும் அடுதல். பெரும்பாணாற்றுப்படையில் கள் அடுகிற பெண்கள் வருகிறார்கள். அவர்கள் கிண்ணம் கழுவி ஊற்றிய தண்ணீர் வழிந்து குழம்பாகி, அந்தச் சேற்றில் பன்றிகள் புரள்கின்றன. இன்றைக்குப் பெரிய பீர் ஆலைகள் பிழிந்த தானியச் சக்கையை மாட்டுத் தீவனத்துக்குக் கொடுப்பதும் அதே கதையின் தொடர்ச்சிதான். அன்றைக்கு அது பெண்களின் சமையல் வேலை. போலீசுக்குப் பயந்து இருட்டில் செய்த காரியம் இல்லை.

அதே பாட்டில் இன்னும் கொஞ்சம் முன்னால், வலைஞர் குடியிருப்பைச் சொல்லும் இடத்தில், அரிசிக் கள் செய்கிற முறை முழுதாக இருக்கிறது. கல்லூரியில் இதைப் பரீட்சைக்குப் படித்திருக்கிறேன். அப்போது எதுவும் புரியவில்லை. குற்றித் தீட்டாத கொழியல் அரிசியைக் களியாகத் துழாவிக் கூழாக்குகிறார்கள். அகன்ற வாயுள்ள பிழா என்ற தட்டில் ஊற்றி ஆறவிடுகிறார்கள். ஆறிய பிறகு நல்லடை என்ற ஒன்றைக் கலக்கிறார்கள். நெல்முளையை இடித்த மா என்று அதற்கு உரை சொல்கிறார்கள். இரண்டு பகல், இரண்டு இரவு. பச்சை வாசனை போகச் சாடியில் விளைந்த பிறகு விரலால் அலைத்துப் பிழிந்தால் நறும்பிழி. தொட்டுக்கொள்ள மீன் சூடு.

இந்தப் பாட்டின் தலைவன் தொண்டைமான் இளந்திரையன். காஞ்சியைத் தலைநகராகக் கொண்டவன். அதாவது நம் பாலாற்று நாடு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஐந்நூறு அடி பாடியிருக்கிறார். அதில் ஏழெட்டு அடிக்குள் ஒரு முழுச் செய்முறையை அடக்கிவிட்டார்.

மறுநாள் காலையில் நானே அவனுக்குப் போன் செய்து வாசித்துக் காட்டினேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சித்தப்பா, ஆற வெச்ச பிறகுதானே முளை மாவைப் போடறாங்க? அது எவ்வளவு சரி தெரியுமா?" என்றான். அவன் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

அரிசியில் இருப்பது மாவுச்சத்து. ஈஸ்ட் அதை அப்படியே தின்னாது, அதற்குச் சர்க்கரைதான் வேண்டும். நெல் முளைக்கிறபோது, குருத்துக்கு உணவு கொடுப்பதற்காக, மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகிற நொதிகள் விதைக்குள் உண்டாகின்றன. பார்லியை முளைகட்டி மால்ட் செய்வதும் இதற்காகத்தான். ஆனால் அரிசியின் மாவுச்சத்து இறுகியது. முதலில் கொதிக்கவைத்துக் குழைத்தால்தான் நொதிக்கு வழிவிடும். அந்தக் கொதியிலேயே முளை மாவைக் கொட்டினால் நொதிகள் செத்துவிடும். ஆகவே குழைய வேகவைக்க வேண்டும், ஆறவைக்க வேண்டும், அதன் பிறகே மாவு. கை பொறுக்க முடியாத சூடு, ஆனால் கொதி இல்லை. வெப்பமானியில் அறுபத்தைந்து டிகிரிக்குப் பக்கம். நொதி என்ற பெயரே இல்லாத காலத்தில் பானையோடு பழகிய கைகளுக்கு அந்த வரிசை தெரிந்திருக்கிறது. புலவர் அதைப் பார்த்துப் பிசகாமல் எழுதியும் வைத்திருக்கிறார்.

நல்லடையைப் புலவர் கறையான் புற்றின் உள்ளே இருக்கிற குரும்பியோடு ஒப்பிடுகிறார். புற்றை வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், குரும்பி தேனடை போலத் துளைதுளையாக, பூஞ்சை பூத்து இருக்கும். வெறும் மாவுக்கு யாரும் அந்த உவமையைச் சொல்ல மாட்டார்கள். அசாமிலும் ஜார்க்கண்டிலும் அரிசி மதுவுக்கு இன்றும் உறைமோர் போலப் பயன்படுத்துகிற காய்ந்த மாவு அடைகளைப் படத்தில் பார்த்தபோது எனக்கு இந்த வரிதான் ஞாபகம் வந்தது. நம் நல்லடையும் பூஞ்சையும் ஈஸ்ட்டும் ஏறிய அடையாகத்தான் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். அசாமின் திமாசா மக்கள் செய்கிற ஜுதிமா என்ற அரிசி மதுவுக்கு 2021இல் புவிசார் குறியீடே கிடைத்தது. எங்கள் பக்கத்துப் பிழிக்கு மிஞ்சியது பாட்டு மட்டும்தான்.

சட்டத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இதைப் படித்துவிட்டு யாராவது வீட்டில் சாடி வைத்துவிடுவார்கள். தமிழ்நாட்டில் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம்தான் அடிப்படை. ராஜாஜி அந்த ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி முதலில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1939இல் எங்கள் வட ஆற்காட்டுக்கும் வந்தது. பிறகு மதுக்கடைகள் திறந்தன, மூடின, மறுபடி திறந்தன. கடையில் வாங்கலாம் என்று ஆன பிறகும் வீட்டில் செய்யலாம் என்று ஆகவில்லை. 1987லிருந்து கள்ளுக்கும் தடை. சிங்கப்பூரில் நிலைமை வேறு. பதினெட்டு வயது நிரம்பியவர்கள் ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை சொந்த உபயோகத்துக்குப் புளிக்கவைக்கலாம். விற்கக் கூடாது, காய்ச்சி வடிக்கக் கூடாது. இங்கிலாந்தில் 1963இலும், அமெரிக்காவில் 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தாலும் வீட்டுப் பீருக்கு வழி பிறந்தது. ஆகவே எங்கள் வீட்டில் நாங்கள் செய்தது எல்லாம் தேன் வாங்கியதும் நெல் முளைகட்டியதும்தான். சாடி இருந்தது சிங்கப்பூரில்.

நெல் முளைகட்டுவது அம்மாவின் பொறுப்பு. அம்மாவுக்கு எண்பதை நெருங்குகிற வயது. விதைநெல் முளைகட்டிய வீட்டில் பிறந்தவர். ஒரு நாள் ஊறவைத்து, கோணிச் சாக்கில் கட்டி, மேலே தண்ணீர் தெளித்து, மூன்றாம் நாள் முளை எட்டிப் பார்த்ததும் எடுத்துவிட்டார். காயவைத்தார். அரைத்தார். இரண்டு படி மாவைப் பொட்டலம் கட்டி, சிங்கப்பூர் போகிற ஒருவர் கையில் கொடுத்தனுப்பினோம்.

பத்து நாள் கழித்து அவன் வீடியோவில் காட்டினான். கூழ் கூழாகவே இருந்தது. ஒரு மணி நேரத்தில் தித்திப்பு ஏறி நீர்த்துப்போக வேண்டிய கூழ் கரண்டியை நட்டால் நிற்கிற மாதிரி இருந்தது. "பாட்டி, மாவை என்ன பண்ணீங்க?" என்றான். "இன்னா பண்ணேன்? முளை கட்னேன், காயவெச்சேன், வாசனை வர்ற வரைக்கும் வறுத்தேன், அரைச்சேன்" என்றார் அம்மா. குழந்தைகளுக்குச் சத்துமாவு அரைக்கிற கை. முளைகட்டிய கேழ்வரகை வறுத்தே பழக்கம். வறுத்த சூட்டில் நொதிகள் எல்லாம் போய்விட்டன. அவன் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்ததை வீடியோவில் பார்த்து அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது.

அதற்குப் பிறகுதான் அம்மா கேட்டார். "இன்னாத்துக்குடா இந்த மாவு? பலகாரத்துக்குன்னு சொன்னியே."

நான் சொல்லவே இல்லை, அவராக அப்படி நினைத்துக்கொண்டார். ஆனால் திருத்தாமல் விட்டது என் தப்பு. உண்மையைச் சொன்னேன். அம்மா எதுவும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டார்.

காரணம் இருக்கிறது. அம்மாவின் கடைசித் தம்பி, எங்கள் மாமா, குடித்தே போனவர். முதலில் மலையிலிருந்து வந்த சாராயம், பிறகு கடை பாட்டில். நாற்பத்து நாலு வயதில் கல்லீரல் கெட்டு, மஞ்சள் பூத்த கண்ணோடு எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தது இன்னும் எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது. என் அண்ணன் அதைப் பார்த்துத்தான் வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாமல் இருக்கிறார். மகன் இப்படிச் செய்யப் போகிறான் என்று தெரிந்ததும் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அவன் குடிச்சானே, அது இதாடா?"

இல்லை என்று சொன்னேன். எப்படி இல்லை என்றும் சொன்னேன். மாமா குடித்தது வடித்தது. நூற்றுக்கு நாற்பது பங்கு போதை இருக்கிற திரவம், தினமும், தனியாக. இவன் செய்வது கூழ் போலப் புளித்தது, நாலைந்து பங்கு. இருபது பேர் கூடி ஒரு நாள் குடிப்பது. அளவு மீறினால் இதுவும் கெடுதல்தான், அதை மறைக்கவில்லை. பெரும்பாணாற்றுப்படையையும் வாசித்துக் காட்டினேன். கூழ் துழாவுகிற இடம் வந்ததும் அம்மா நிமிர்ந்தார். "ஆடிக் கூழ் மாதிரி இருக்குது" என்றார். அப்படித்தான் இருந்தது. ஆடி வெள்ளிக்கு அம்மனுக்கு ஊற்றுகிற கூழும் முதல் நாள் கரைத்துப் புளிக்க வைத்ததுதானே. அந்தப் புளிப்புக்கும் பிழிக்கும் நடுவே இருப்பது முளை மாவும் இரண்டு நாளும்.

மறுநாள் காலை அம்மா மறுபடி நெல் ஊறவைத்தார். இந்தத் தடவை நிழலில் உலர்த்தினார். வாணலியை எடுக்கவே இல்லை.

தேன் கதைக்கு வருகிறேன். ஜவ்வாது மலைத் தேன் எங்கள் கடைக்கு நாற்பது வருஷமாக வருகிறது. மலைத்தேன் என்று எல்லாரும் ஒரே பெயரில் கேட்பார்கள். பெரிய ஈ பாறையில் கட்டுகிற தேன், பொந்தில் அடுக்கடுக்காக வைக்கிற தேன், கொம்பில் கட்டுகிற சின்ன அடை, கொசுத்தேன் என்று அதற்குள் எத்தனையோ. பாறைத் தேன் கொஞ்சம் நீர்த்திருக்கும். மழைக்காலத்தில் எடுத்ததென்றால் பாட்டில் மூடியைத் திறந்தால் நுரைத்துக்கொண்டு வரும். வாங்கினவர்கள் "தேன் கெட்டுப்போச்சு" என்று கொண்டுவந்து தருவார்கள். தேனில் நீர் நூற்றுக்கு இருபதுக்கு மேல் போனால் அதில் இருக்கிற ஈஸ்ட் விழித்துக்கொள்கிறது. உணவுப் பாதுகாப்பு விதியும் இருபதைத்தான் எல்லையாக வைத்திருக்கிறது. அப்படித் திரும்பி வந்த பாட்டில்களை இத்தனை வருஷம் நஷ்டக் கணக்கில் எழுதி ஓரமாக வைத்தேன். எங்கள் அலமாரியிலேயே மீட் தானாக உருவாகிக்கொண்டிருந்திருக்கிறது, எனக்குத்தான் பெயர் தெரியவில்லை.

இதற்கும் பத்துப்பாட்டில் இடம் இருக்கிறது. மலைபடுகடாம். பாட்டுடைத் தலைவன் நன்னன். ஊர் செங்கண்மா, ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிற இன்றைய செங்கம். மலைமேல் போகிற கூத்தருக்கு அங்கே குடியிருப்பவர்கள் மூங்கில் குழாயில் ஊற்றி முதிரவைத்த தேன் மதுவைக் குறைவில்லாமல் கொடுக்கிறார்கள். விடிகாலையில் தலைக்கேறிய மயக்கம் தெளியப் பலாக்கொட்டையும் புளியும் மோரும் சேர்த்து மூங்கிலரிசிச் சோற்றோடு போடுகிறார்கள். மறுநாள் காலையைப் பற்றிக்கூட யோசித்த விருந்தோம்பல். தேனும் புளியும் மோரும் அந்த மலையிலிருந்து இன்றும் எங்கள் கடைத்தெருவுக்கு இறங்குகின்றன. மூங்கில் குழாயில் முதிர்ந்தது மட்டும் இறங்கவில்லை.

ஆடி மாதத்தில் அவன் இரண்டரைக் கிலோ தேனைத் தண்ணீரில் கரைத்துப் பத்து லிட்டராக்கி, கண்ணாடிச் சாடியில் ஊற்றி, ஈஸ்ட் போட்டான். சிங்கப்பூர் வெக்கைக்குச் சாதாரண ஈஸ்ட் கடுப்பான வாசனையைக் கொடுக்கும் என்று க்வைக் என்ற ஒன்றை வாங்கியிருந்தான். நார்வே நாட்டு விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக வீட்டில் காயவைத்துப் பாதுகாத்த ஈஸ்ட் அது, முப்பது முப்பத்தைந்து டிகிரியிலும் சுத்தமாக வேலை செய்யும். குளிர்நாட்டுக்காரர்கள் காப்பாற்றிய ஈஸ்ட் நம் வெயிலுக்குப் பொருந்துகிறது என்பது எனக்கு ஆச்சரியம்தான். அவர்களும் கல்யாணம், கிறிஸ்துமஸ், சாவு என்று வீட்டு விசேஷங்களுக்குத்தான் அதை எடுப்பார்களாம். ஆங்கிலத்தில் கல்யாணம் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் சொல்கிற பிரைடல் என்ற சொல்லே பழைய ஆங்கிலத்தில் பெண்ணுக்கான ஏல், அதாவது கல்யாணப் பீர் விருந்து, என்பதிலிருந்து வந்தது. தேனிலவு என்ற சொல்லையும் மீடோடு முடிச்சுப் போட்டு ஒரு கதை உலவுகிறது; அது பிற்காலத்தில் கட்டிய கதை.

மூன்று வாரம் ஆயிற்று. சாடி அடங்கிவிட்டது. சுவைத்தால் பாதித் தித்திப்பு அப்படியே. வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது சம்பந்தியும் வந்திருந்தார்; பத்திரிகை விஷயமாக ஆம்பூரிலிருந்து வந்தவர். ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் பதனிடும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசாத மனிதர். மருமகனாகப் போகிறவன் சாடிக்குள் ஒரு கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டு எண் பார்ப்பதைப் பார்த்ததும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு போனைக் கையில் வாங்கினார்.

"மாப்ள, அது பார்க்கோமீட்டரா?"

"ஹைட்ரோமீட்டர் மாமா. முதல்ல 1.077 இருந்தது. இப்போ 1.040ல நின்னுடுச்சு."

"அப்போ எழுபத்தேழு டிகிரியில ஆரம்பிச்சு நாற்பதுல நிக்குது."

பட்டைச் சாற்றில் தோலை ஊறவைக்கிற தொட்டிகளில் சாறு எவ்வளவு கெட்டி என்று பார்க்கிற கருவி பார்க்கோமீட்டர். தண்ணீரைவிட ஆயிரத்தில் ஒரு பங்கு கனம் கூடினால் ஒரு டிகிரி. இரண்டும் ஒரே கணக்கு, பெயர்தான் வேறு. ஆவாரம்பட்டைச் சாறும் தேன் கரைசலும் ஒரே அளவுகோலில் நிற்கும் என்று அன்றுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

சம்பந்தி சொன்னார்: "பச்சைத் தோலை எடுத்தவுடனே கெட்டிச் சாத்துல போட மாட்டோம் மாப்ள. மேல் மட்டும் இறுகிப்போயி உள்ள சாறு ஏறாது. முதல்ல பழைய, நீர்த்த தொட்டி. அப்புறம் கொஞ்சம் கெட்டி. கடைசியிலதான் புதுச் சாறு. நீங்க தேனை ஒரே நாள்ல கொட்டிட்டீங்க. அதுக்கு மூச்சு முட்டியிருக்கும்."

மாப்பிள்ளை இதை எங்கேயோ படித்திருக்கிறான். தேனைப் படிப்படியாக ஊட்டுகிற முறை மீட் செய்கிறவர்களிடமும் உண்டு. தேனில் சர்க்கரை ஏராளம், ஆனால் ஈஸ்ட் பெருகத் தேவையான நைட்ரஜன் சத்து மிகக் குறைவு. அந்த ஊட்டத்தையும் அவன் சரியாகப் போடவில்லை. இரண்டாவது சாடியைப் பாதித் தேனோடு ஆரம்பித்தான். நாற்பது டிகிரிக்கும் கீழே. ஊட்டம் சேர்த்தான், தினமும் கலக்கினான். இறங்க இறங்க மீதித் தேனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தான். அது பொங்கிக்கொண்டிருக்கிறபோதே நின்றுபோன முதல் சாடியையும் சிறுகச் சிறுக அதனோடு சேர்த்தான். புரட்டாசி முடிவதற்குள் இரண்டும் சைபருக்கு வந்துவிட்டன. எழுபத்தேழு டிகிரியும் இறங்கியது என்றால் நூற்றுக்குச் சுமார் பத்துப் பங்கு மது. ஒவ்வொரு வாரமும் எண்ணை முதலில் சம்பந்திக்குத்தான் அனுப்புவான். மாமனாரும் மருமகனும் கல்யாணத்துக்கு முன்னாலேயே ஒருவரையொருவர் தெரிந்துகொண்டது இப்படித்தான்.

என் பங்குக்கு நான் ஒன்று அனுப்பினேன். நாட்டு மருந்துக் கடையிலிருந்து தாதகிப்பூ. அரிஷ்டங்களிலும் ஆசவங்களிலும் புளிப்பு ஏறுவதற்குச் சேர்க்கிற பூ. பிள்ளை பெற்ற பெண்களுக்குக் கொடுக்கிற தசமூலாரிஷ்டம் என்ன? கஷாயமும் வெல்லமும் தேனும் சேர்த்து, தாதகிப்பூ போட்டு, மூடிப் புளிக்கவைத்தது. தானாக உண்டான ஆல்கஹால் என்று பாட்டில் மேலேயே அச்சடித்திருப்பார்கள். மது தொடாத என் அண்ணனின் வீட்டிலும் அது இருந்திருக்கிறது. இதை அவரிடம் சொன்னேன். பதில் சொல்லவில்லை, ஆனால் அன்று மகனுக்குத் தானே போன் செய்தார்.

தாதகிப்பூவோடு கடுக்காய்த் துண்டு ஒன்றையும் போடச் சொன்னார் சம்பந்தி. துவர்ப்பு இருந்தால்தான் நாக்கில் நிற்குமாம். கடுக்காய் என்றதும் எனக்கு மனசு கனத்தது. எங்கள் கடைச் சரக்குதான் அது. மருந்துக்கும் போகும், தோலுக்கும் போகும். மலையில் சாராய ஊறல் அழித்ததாக வருகிற செய்திகளிலும் வெல்லம், வேலம்பட்டை, கடுக்காய் என்ற பெயர்கள்தான் இருக்கும். பட்டைச் சாராயம் என்ற பெயரே அந்த வெள்வேலம்பட்டையால் வந்தது. மூட்டை மூட்டையாகக் கறுப்பு வெல்லமும் கடுக்காயும் கேட்டு வருகிற முன்பின் தெரியாதவர்களுக்கு நாங்கள் கொடுப்பதில்லை. அது அப்பா காலத்திலிருந்து கடையின் வழக்கம்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்களே, அதற்குக் காரணம் மெத்தனால். ஆலைகளில் கரைப்பானாகப் பயன்படுகிற விஷம். கூழோ தேனோ புளித்து அந்த அளவுக்கு மெத்தனால் உண்டாகாது; யாரோ கொண்டுவந்து கலந்தால்தான் உண்டு. அதற்கு முந்தின வருஷம் மரக்காணத்திலும் இதேதான். அன்றாடம் கூலிக்குப் போகிறவன் மலிவாக எதைக் கொடுத்தாலும் குடிக்கிற நிலைக்கு வந்துவிட்டான். தயாரிக்கத் தெரிந்த வீட்டுக் கைகளை எல்லாம் தட்டிவிட்டோம். மிச்சம் இருப்பது ஒரு பக்கம் கடை பாட்டில், இன்னொரு பக்கம் விஷப் பாக்கெட். எங்கள் மாமா இந்த இரண்டுக்கும் நடுவில்தான் போனார். வீட்டுக்கு இத்தனை லிட்டர், விற்கக் கூடாது, வடிக்கக் கூடாது என்று சிங்கப்பூர் போல ஒரு கோடு இங்கேயும் போடலாம் என்பது என் உறுதியான எண்ணம். குடியால் வீடு கெட்டதைப் பார்த்தவன் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

தை மாதம் வேலூரில் கல்யாணம் வழக்கம்போலவே நடந்தது. பன்னீர் சோடாவும் ரோஸ் மில்க்கும். சம்பந்தி ஆம்பூரிலிருந்து மாஸ்டரைக் கூட்டிவந்து ராத்திரி வரவேற்புக்குச் சீரகச் சம்பாவில் பிரியாணி போட்டார், தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

சிங்கப்பூர் விருந்துக்கு அம்மா, அண்ணன், அண்ணி, சம்பந்தி வீட்டார், நான் போனோம். அரிசிப் பீரை அவன் நாங்கள் போன பிறகுதான் போட்டான், கணக்காக இரண்டு நாளைக்கு முன்னால். ஒரு கிலோ தீட்டாத அரிசி, அரைக் கிலோ முளை மாவு. அம்மாவே கரண்டி பிடித்துத் துழாவினார். அகலத் தட்டு எதுவும் இல்லாததால் இட்லிப் பானையின் மூடியிலும் இரண்டு தாம்பாளத்திலும் ஊற்றி ஆறவைத்தோம். மாவைக் கலந்து ஒரு மணி நேரத்தில் கூழ் இளகித் தண்ணீராகிவிட்டது. அம்மா விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "சக்கரை போடலயே நீ?" என்று பேரனிடம் இரண்டு தடவை கேட்டார். இரண்டாம் நாள் சாயங்காலம் துணியில் ஊற்றி விரலால் அலைத்துப் பிழிந்ததும் அவர்தான். வெள்ளையாக, மோர் போல, லேசான நுரையோடு வந்தது. முதல் வாயில் புளிப்பு, பின்னாலேயே நெல் காய்ந்த களத்தின் வாசனை. மீனுக்கு அது எவ்வளவு பொருத்தம் என்பதைப் புலவர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை, ஆனாலும் வஞ்சிர வறுவலோடுதான் கொடுத்தோம்.

தேன் மது வைக்கோல் நிறத்தில் தெளிந்து நின்றது. ஆறு மாதம் பொறுத்ததற்குத் தித்திப்பு முழுதும் போய், தேனின் வாசனை மட்டும் மிஞ்சியிருந்தது. ஜவ்வாது மலையில் எந்தப் பூவில் எடுத்ததோ. கடைசியில் கடுக்காயின் துவர்ப்பு. சம்பந்தி ஒரு சின்னக் கிளாசில் வாங்கி, குடிப்பதற்கு முன்னால் பார்க்கோமீட்டர் இருக்கிறதா என்று கேட்டார். மாப்பிள்ளை கொண்டுவந்து மிதக்கவிட்டான். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு. தண்ணீரைவிட இலேசு. "சைபருக்கும் கீழ இறங்கிடுச்சு" என்று சொல்லி ஒரே ஒரு மடக்கு குடித்தார். அண்ணன் குடிக்கவில்லை. ஆனால் விருந்தாளிகளுக்கு மகனோடு நின்று தானும் ஊற்றிக் கொடுத்தார்.

அம்மா கிளாசை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். மாமாவைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார். நான் கேட்கவில்லை.

பிழிந்த சக்கையைக் கொட்ட மனசில்லாமல் மறுநாள் காலையில் வெங்காயம் பச்சைமிளகாய் நறுக்கிப் போட்டு அடை வார்த்தார். கூடவே மோர்க்குழம்பு. எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பேரனைக் கூப்பிட்டார்.

"கண்ணு, முளை மாவு இன்னும் ஒரு படி வீட்ல இருக்குது. வறுத்துடட்டுமா, அப்படியே வெச்சிருக்கட்டுமா?"